ஆரின்ர குரல் அது?

என் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், 2013 ஆம் ஆண்டுத் திகதிக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் அதை எனக்கு வாசித்துச் சொன்னார்: "தண்ணி கேட்கிற குரல் ஒன்று கேட்பதாகச் சொல்கிறா." அடுத்த வரியில், சீனியும் உப்பும் பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்லி இருந்தது. குரல் கேட்கிற இந்த மனநோயில், எங்கள் பேச்சில் இந்த வருத்தத்தில், சிலர் கணக்கில்லாமல் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் உப்புக் குறைந்து விழுந்துவிடுவதுண்டு. ஆகவே அந்தப் பரிசோதனையில் பிழை இல்லை. ஆனால் குரல் என்ன சொல்கிறது என்று எழுதியவர்கள், அது யாருடைய குரல் என்று எழுதவில்லை. கேட்டால்தானே எழுதலாம். அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது 2018 இல்.

இடையில் போன அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உளநலப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்களும், உளவளத்துணை படிக்கிற தம்பி தங்கச்சிமாரும், என்னைப் போன்ற ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களும் வாசித்தால் நல்லது.

எங்கள் ஊர் வன்னியில், கிளிநொச்சித் தருமபுரத்துக்கு உள்ளே. 2009 தையில், கடைசிப் போருக்குத் தப்பி வெளிக்கிட்டோம். விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாம். வன்னியில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையைக் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்வார்கள். அதனாலேயே எங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கிளினிக்கில் பெயர் பதிகிறவரும் மாத்தளனில் பங்கர் வெட்டியவர். ஊசி போடுகிற மிஸ்ஸியின் தகப்பனும் திரும்பி வரவில்லை. தெற்கிலிருந்து வந்த டொக்டருக்கும் 'வன்னிப் பிள்ளை' என்றவுடன் மிச்சம் தானாக விளங்கிவிடும். 'யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. மெனிக்பாமில் இருந்த அவ்வளவு சனத்தையும் அந்த ஒரு வரிக்குள் இருத்தலாம். ஒரே பங்கருக்குள் இருந்த நாலு பேருக்கு நாலு வேறு காயம் என்பது அதற்குள் வராது.

எனக்கு வருத்தம் தொடங்கியது 2013 ஆவணியில். முதலில் நித்திரை போனது. பிறகு கிணற்றடியில் இருந்து ஒரு குரல். "பிள்ளை, தண்ணி." இரவில் மட்டும் வந்தது பகலிலும் வரத் தொடங்கியது. வீட்டிலிருந்த பானை, சட்டி, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பிப் படலையடியில் கொண்டுபோய் வைத்தேன். ஆமிக்காரர் எங்கள் கிணற்றுக்குள் மருந்து போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன். தண்ணீர் வைத்ததும் நான்தான், அதைக் குடிக்க வேண்டாம் என்று அழுததும் நான்தான். அம்மா பயந்து, சாமி பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப் போனா. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். "ஆர் வந்திருக்கிறது?" என்று அந்த வருடம் முழுக்க என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் நான் வாய் திறக்க முன்னம் பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: கிணற்றில் விழுந்து செத்த ஒரு பொம்பிளையாம். நூல் கட்டி அனுப்பினார்.

மூன்று கிழமை கழித்து ஆஸ்பத்திரி. ஓட்டோவில் இருந்து இறங்க மறுத்தேன். நாலு ஆம்பிளைகள் பிடித்துக் கட்டிலில் படுத்த, ஊசி ஏறியது. பிடிக்காமல் விட்டிருந்தால் நான் றோட்டுக்கு ஓடி வாகனத்துக்குள் விழுந்திருப்பேன் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. உடம்புக்கு அந்த நியாயம் தெரியாது. இன்றைக்கும் யாராவது பின்பக்கமாக வந்து மணிக்கட்டைப் பிடித்தால் என் வாய்க்குள் மருந்துக் கசப்பு வரும். பழைய காயத்தைக் கேட்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டும். "வார்ட்டில நடந்ததில எது இன்னும் மனசில நிக்குது?" என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கேட்டால், அதற்குப் பிறகு அவரோடு கதைப்பது சுகம்.

2015 இல் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஒரு திட்டத்தின் பேரில், தோளில் பையும் கையில் பேப்பர் மட்டையுமாக. என் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் கதைத்தார். விறாந்தையில் இருத்திக் கேட்டார். அம்மா பக்கத்தில். பெரியம்மா கதவோடு. திருவலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவும் நின்றுவிட்டா. "வீட்டில எத்தினை பேர் இறந்தவை? எத்தினை பேர் காணாமல் போனவை? நேரில பாத்தனீங்களோ? உடம்பில காயம்? பாலியல் துன்புறுத்தல் ஏதும்?" ஒவ்வொன்றுக்கும் ஓம், இல்லை, ஒரு அடையாளம்.

வன்னியில் பேனையும் பேப்பருமாக வருகிறவர்கள் எங்களுக்குப் பழக்கமானவர்கள். பதிவு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டதுக்கு மட்டும் பதில், கெதியாகப் பதில், முகத்தைப் பார்க்காத பதில். அன்றைக்கும் நான் அப்படித்தான் சொன்னேன். "நேரில பாத்தனீங்களோ" என்றதற்கு "ஓம்" என்றேன். அவர் அடையாளம் போட்டார். அடுத்த கேள்விக்குப் போனார். முக்கால் மணித்தியாலத்தில் பேப்பர் நிரம்பியது. பன்ரண்டரை பஸ்ஸைப் பிடிக்க எழும்பினார். அவர் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த இரவு நித்திரை இல்லை. மூன்றாம் இரவு நான் கிணற்றடியில். ஐந்து கிழமை வார்ட்.

இதற்குப் பிறகுதான் பெரிய பிழை நடந்தது என்று நான் நினைக்கிறேன். கிளினிக்கில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தப் பிள்ளையிடம் பழையதைக் கிளறக் கூடாது. கொப்பியிலும் எழுதினார்கள். அம்மாவும் வருகிறவர்கள் எல்லோருக்கும் படலையிலேயே சொல்லிவிடுவா, "ஒண்டும் கிளறாதேங்கோ" என்று. அன்பினால்தான் சொன்னா. ஆனால் எனக்கு அது, நான் செய்தது வெளியில் சொல்லக் கூடாத ஒன்று என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. கேட்டது என்னை விழுத்தவில்லை. ஆட்களுக்கு முன்னால் கேட்டதும், கேட்டுவிட்டு எழும்பிப் போனதும்தான் விழுத்தியது.

2018 இல் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு சமூக உத்தியோகத்தர் வந்தா. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கூட்டியில் மாதம் ஒருதரம் வருவா. குளிசை போடுகிறேனா, ஊசித் திகதி எப்போது, நித்திரை எப்படி. மிச்ச நேரம் கோழி, தையல் மெஷின், தங்கச்சியின் சோதனை. நாலு மாதம் அப்படியே போனது. அந்த நாலு மாதத்தை வீண் என்று நினைக்கக் கூடாது. அவ சொன்ன நேரத்துக்கு வருகிறவ, வராவிட்டால் போன் எடுத்துச் சொல்கிறவ என்பதை நான் அந்த நாலு மாதத்தில்தான் கண்டேன்.

ஒருநாள் வெளிக்கிடும்போது சொன்னா: "நான் கொஞ்சம் பழைய விசயங்கள் உங்களிட்டக் கேக்கலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். இண்டைக்கு இல்லை. அடுத்த கிளினிக்கில. உங்களுக்கு வாற குரலுக்கும் முந்தி நடந்ததுகளுக்கும் தொடர்பு இருக்கலாம், தெரிஞ்சா உதவி செய்யச் சுகம், அதுக்காகத்தான். வேண்டாமெண்டா வேண்டாம். குளிசையோ, ஊசியோ, நான் வாறதோ ஒண்டும் மாறாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

கேள்வி வர முன்னம் கேள்வி வரப்போகிறது என்று ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தரம். என் வாழ்க்கையில் எல்லாம் திடீரென்றுதான் வந்தன. எங்கே இருந்து கதைக்க விருப்பம் என்றும் கேட்டா. வீட்டில் வேண்டாம் என்றேன். எங்கள் வீடுகளில் இரண்டு அறை, அறைகளுக்கு நடுவில் ஒரு சேலைத் திரை. அங்கே கதைப்பது ஊருக்குக் கதைப்பது. கிளினிக்கின் பின் அறை என்று முடிவானது. கதவைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும் என்றேன். அரைவாசி திறந்து வைத்து, கதவுப் பக்கக் கதிரையை எனக்கு விட்டுவிட்டு அவ சுவர்ப் பக்கம் இருந்தா. தனி அறை என்றால் பூட்டிய அறை என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பேனை எடுக்கவில்லை. "நான் இப்ப எழுத மாட்டன். பிறகு டொக்டருக்கு ரெண்டு மூண்டு வரி எழுதுவன், எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவன். பொலிசுக்கோ கிராம சேவகரிட்டயோ போகாது. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, இல்லாட்டி உங்கட உயிருக்கு ஆபத்து எண்டா மட்டும் நான் டொக்டரிட்டச் சொல்லத்தான் வேணும். அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்." ஒரு மனுசர் கேட்டதை எங்கே கொண்டுபோவார் என்பது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. அது தெரியாமல் வன்னியில் ஒருவரும் உண்மை கதைக்க மாட்டார்கள். கதைத்தால் அது பதிவுக்குச் சொல்கிற பதில்தான்.

பிறகு கேட்டா: "செல்லடி, இடம்பெயர்வு எல்லாத்துக்கும் முந்தி, நீங்கள் சின்னனா இருக்கேக்க வீடு எப்பிடி?"

நான் திகைத்துப் போனேன். எங்களைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் வன்னியின் துன்பம் 2009 இல்தான் தொடங்குகிறது. என் முதல் பயம் அதுக்கு வெகு முந்தியது. பின்னேரத்தில் அப்பா குடித்துவிட்டு வந்து படலையை உதைக்கிற சத்தம். அம்மாவின் அழுகை. அப்போது எனக்கு ஆறு வயது. அம்மம்மாவின் சேலைத் தலைப்புக்குள் போய் முகத்தை வைத்துக்கொள்வேன். அவ என் காதுகளைப் பொத்திப் பிடிப்பா. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. இதைத் தெரியாமல் பிறகு நடந்ததை விளங்கவும் முடியாது.

அடுத்த கேள்வியையும் அவ நேரடியாகத்தான் கேட்டா. "உங்கட விருப்பம் இல்லாம ஆரும் உங்கட உடம்பில தொட்டதோ, தங்களைத் தொட வைச்சதோ நடந்திருக்கோ? எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான் இது." இல்லை என்றேன், அது உண்மை. 'பாலியல் துஷ்பிரயோகம்' என்ற சொல்லை அவ பாவிக்கவில்லை. அது பத்திரிகைச் சொல். பத்து வயதில் மாமா முறையான ஒருவர் செய்ததை அந்தச் சொல்லோடு பொருத்திப் பார்க்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். முதல் தரம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மூன்று வருடம் கழித்து 'நீங்கள் அண்டைக்குக் கேட்டது' என்று தொடங்கிய ஒருத்தியை எனக்குத் தெரியும். ஆம்பிளைகளிடம் இந்தக் கேள்வியை அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்த ஆம்பிளைகளிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு: "அந்தத் தண்ணி கேக்கிற குரல். அது ஆரின்ர குரல் மாதிரி இருக்கு?"

"அம்மம்மா."

அவ உடனே அடுத்த கேள்வி கேட்கவில்லை. வெளியில் யாரோ துண்டு இலக்கம் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னா, "எல்லாத்தையும் இண்டைக்குச் சொல்ல வேண்டாம். தலைப்பு மட்டும் சொன்னாலும் காணும்."

"வலைஞர்மடத்தில பங்கருக்குள்ள விட்டுட்டு வந்தனாங்கள். நடக்க மாட்டா. தண்ணி கேட்டவ. கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அது காணும். பேப்பரோடு வந்தவர் கேட்டது எண்ணிக்கை. அக்கா கேட்டது ஆள்.

என் விரல்கள் குளிர்ந்து விறைத்திருந்தன. நான் சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். அவ கண்டு, யாரும் செய்கிறதைத்தான் செய்தா: மேசையிலிருந்த கிளாஸில் தண்ணீர் வார்த்து நீட்டினா. நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். ஒரு கணத்தில் அவவுக்கு விளங்கியது. கிளாஸை எடுத்து எனக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டு, "பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நிலத்தில காலை வையுங்கோ, சீமெந்து குளிருதோ?" என்று கேட்டா. குளிருது என்றேன். பிறகு கன்டீனில் இருந்து பிளேன்ரீ வந்தது. அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லோருக்கும் ஆறுதல் என்று நாங்கள் நினைக்கிறோம். தோளைத் தட்டுவதும் அப்படித்தான். "உங்களுக்கு மனம் குழம்பினா என்ன செய்தா சுகமா இருக்கும்?" என்று கதை தொடங்க முன்னமே கேட்டு வைப்பது நல்லது என்று அதற்குப் பிறகு அவ எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினாவாம்.

மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னா: "இப்ப பத்தேமுக்கால். உங்கட பஸ் பன்ரண்டரைக்கு. பழையதை இதோட நிப்பாட்டுவம்." மிச்ச நேரம் முழுக்க இன்றைய கதை. இரவு என்ன சமையல், பக்கத்தில் யார் படுப்பது, குரல் கூடினால் யாரை எழுப்புவது. "ரெண்டு மூண்டு இரவுக்குக் கூடத்தான் பாக்கும். பிழைச்சுப் போச்சு எண்டு நினைக்காதேங்கோ. குளிசையை விட்டுடாதேங்கோ" என்றா. அடுத்த நாள் காலமை எட்டு மணிக்குப் போன் எடுத்தா. சொன்னபடி இரண்டு இரவு கூடியது. மூன்றாம் இரவு நித்திரை வந்தது. பழையதைக் கேட்கிறவர்களுக்கு என்னிடமிருந்து ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை பின்னேரம் கேட்காதேங்கோ, லீவுக்குப் போக முதல்நாள் கேட்காதேங்கோ, ஆளை பஸ்ஸுக்கு அனுப்ப அரை மணித்தியாலம் இருக்கேக்க தொடங்காதேங்கோ.

ஆமி கிணற்றில் மருந்து போட்ட கதையையும் பிறகொருநாள் அக்காவிடம் சொன்னேன். ஓம் என்றும் சொல்லவில்லை, அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. "குடிக்கிற தண்ணியை நம்பேலாம இருக்கிறது எவ்வளவு பயம்" என்றா. கடற்கரை மணலில் கிடங்கு கிண்டி எடுத்த உப்புத் தண்ணியும், அம்மம்மா கேட்ட தண்ணியும், எங்கள் வளவுக் கிணறும் என் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது நடந்தது, எதை என் மூளை சேர்த்தது என்று இன்றைக்கும் முழுக்கப் பிரிக்க எனக்கு ஏலாது. பிரிக்கச் சொல்லி ஒருவரும் நெருக்காததால்தான் கதைக்க முடிந்தது. மனநோய் இருக்கிறவர் சொல்வதெல்லாம் பிரமை என்று தள்ளிவிட்டால், பிரமைக்குள் கிடக்கிற உண்மையும் போய்விடும். எங்களிடம் 'அடித்தார்கள்' என்று சொன்ன எத்தனை பேரை 'விசர்க் கதை' என்று வாயை மூடவைத்திருக்கிறோம்.

கிளினிக்கில் இதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது என்று பிறகு அறிந்தேன். 'கேட்கக் கூடாது' என்று கொப்பியில் இருக்க, அக்கா ஏன் கேட்டா என்று. அவவுக்காகக் கதைத்தவர் ஒரு இளம் டொக்டர். அவரே எனக்கு இருந்து விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் 1998 இல் வந்த ஓர் ஆய்வில் கடுமையான மனநோயுள்ள 275 பேரிடம் முறையாகக் கேட்டார்கள். 119 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும் சேர்ந்து இருந்தது. அவர்களில் 3 பேரின் கோப்பில்தான் அது எழுதப்பட்டிருந்தது. சின்ன வயதில் அடி, வதை, பாலியல் கொடுமை போன்றவற்றை அனுபவித்தவர்களுக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012 இல் எழுதினார்கள். பிரித்தானியாவின் 2014 ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, இந்த வருத்தக்காரரிடம் பழைய மனவடுக்களைப் பற்றி மதிப்பிட வேண்டும் என்றே சொல்கிறது. "கிளறினால் கூடும்" என்ற பயத்துக்கும் பதில் இருந்தது: நெதர்லாந்தில் மனநோயும் மனவடு நோயும் சேர்ந்து இருந்த 155 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2015 இல் வந்தது. மனவடுவுக்கான சிகிச்சையை ஒன்றரை மணித்தியாலப்படி எட்டுத் தடவை கொடுத்தார்கள். காத்திருந்தவர்களை விடச் சிகிச்சை எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். பாரதூரமான பின்விளைவுகள் அவர்களில் கூடவில்லை. நான் அந்த டொக்டரிடம் கேட்டேன், "அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?" அவர் கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேட்டுப்போட்டு என்ன செய்யிறது எண்டு எங்களுக்குத் தெரியேல்லை" என்றார். நேர்மையான பதில். இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை.

கேட்டுவிட்டு என்ன செய்வது என்பதற்கு என் அனுபவம் இது: உடனே ஒன்றும் செய்யத் தேவையில்லை. கேட்டதை நம்பியதாகக் காட்டுங்கள், அந்த நாளைப் பத்திரமாக முடியுங்கள், அடுத்த திகதியைச் சொல்லுங்கள், அந்தத் திகதிக்கு வாருங்கள்.

கேட்கக் கூடாத காலமும் உண்டு. நான் வாளியோடு கிணற்றடியில் நின்ற கிழமைகளில் இதைக் கேட்டிருந்தால் பலன் இல்லை. அப்போது எனக்குத் தேவைப்பட்டது நித்திரையும் சோறும் மருந்தும். ஆனால் 'ஆள் தெளியட்டும்' என்று தள்ளிவைத்தது ஐந்து வருடமாகிவிட்டது. தெளிந்த பிறகு கேட்கிறோம் என்றால் யார், எந்த மாதம் என்று கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் போர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் தமையனுக்கு இதே வருத்தம் இருந்ததாம், போர் எங்கள் வாசலுக்கு வர முன்னமே. இரத்தத்திலும் ஏதோ இருக்கிறது. அதே பங்கருக்குள் இருந்த என் தங்கச்சிக்கு ஒன்றும் வரவில்லை, அவ இன்று ஆசிரியை. காரணம் கண்டுபிடிக்கக் கேட்பதென்றால் கேட்கத் தேவையில்லை. நான் இன்றைக்கும் இரவில் ரிஸ்பெரிடோன் போடுகிறேன். கதைத்ததால் குளிசையை விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் மூன்று மாதத்தில் திரும்ப வார்ட்டுக்குப் போனார்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு விசயம். கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருக்கிற ஒரு அம்மா, மகனைப் பற்றி எப்போதும் நிகழ்காலத்தில்தான் கதைப்பா. "அவன் மீன் சாப்பிட மாட்டான்." புதிதாக வந்த ஒரு பிள்ளை "மகன் எப்ப செத்தவர்?" என்று கேட்டுவிட்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. 2017 மாசியில் இருந்து கிளிநொச்சியில் கந்தசாமி கோவிலடியில் தாய்மார் போராட்டம் இருந்ததும், பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்ற இந்த ஒரு சொல்லுக்காகத்தான். "மகன்ர கதையைச் சொல்லுவியளோ?" என்று கேட்டால் காணும். இறந்த காலமா நிகழ்காலமா என்பதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். அந்த அம்மாவுக்கு மகனின் குரல் கேட்பதும் உண்டு. எனக்குக் கேட்பது போலத்தான். ஆனால் அவவுக்கு அது வருத்தம் இல்லை, துணை. கேட்கிற குரலெல்லாம் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டியது இல்லை. அது அவரைப் பயப்படுத்துகிறதா, ஆறுதல் படுத்துகிறதா என்று கேட்டால் வித்தியாசம் தெரியும்.

மாதங்களையும் கேளுங்கள். எனக்குச் சித்திரையும் வைகாசியும் கஷ்டம். எங்கும் ஒலிபெருக்கி, தெருவுக்குத் தெரு முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி. கஞ்சி கொடுப்பதில் மனம் ஆறுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி இல்லை. அந்த மாதங்களில் அக்கா இரண்டு தரம் வருவா. கலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறா.

கேட்கிறவர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒருநாள் நான் வலைஞர்மடத்தைச் சொல்லத் தொடங்க, அக்கா கையைக் காட்டி, "இண்டைக்கு என்னால ஏலாதம்மா. நாளைக்குக் கேக்கிறன், கட்டாயம்" என்றா. எனக்குக் கோபம் வரவில்லை. நம்பிக்கை கூடியது. மாதம் ஒருதரம் டொக்டரோடு இருந்து தன் பாரத்தை அவவும் இறக்கிவைப்பாவாம். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல், ஒரு சின்னப் பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றி வீடு வீடாக இதைக் கேட்கச் சொல்லி அனுப்புவது அநியாயம்.

வீட்டில் இருக்கிறவர்கள் இப்படி இருந்து கேட்கத் தேவையில்லை. "நீ கதைக்க நினைச்சா நான் கேப்பன்" என்று ஒருதரம் சொல்லிவிட்டு விடலாம். பிறகு "கிளறாதேங்கோ" என்று வாயைப் பொத்தாமல் இருந்தால் காணும். இரவில் வேறு வழி தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம்.

சில மாதம் போன பிறகு, அம்மாவுக்குத் தெரியப்படுத்த விருப்பமா என்று அக்கா கேட்டா. நான் யோசித்து, நானே சொல்கிறேன் என்றேன். ஒரு காலமை, அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. எனக்குக் கேட்கிற குரல் அம்மம்மாவின் குரல் என்று சொன்னேன். நான் தண்ணி கொண்டு வாறன் என்று சொன்னதையும் சொன்னேன். அம்மா திருவுவதை நிறுத்தவில்லை. ஒரு பாதி முடிந்து அடுத்த பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னா:

"என்னட்டயும் கேட்டவ. அரைப் போத்தில் கிடந்தது. கைக்குப் பக்கத்தில வைச்சிட்டுத்தான் வந்தனான்."

அது நடந்ததா, எனக்காகச் சொன்னாவா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சித்திரா பௌர்ணமிக்கு அம்மா தன் தாய்க்கு முதல் தரமாக விரதம் பிடித்தா. ஒன்பது வருடம் பிடிக்காமல் இருந்தவ. பிடித்தால் செத்துவிட்டா என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாவாம். குரல் எனக்கு இன்னும் வருகிறது, குறைவாக. வரும்போது இப்போது நான் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கிளினிக் வேறு. பிரஷர் கிளினிக், செவ்வாய்க்கிழமை. மெனிக்பாமில் இருந்து வந்த நாளிலிருந்து போகிறா. அவவின் கொப்பியைப் போன கிழமை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பிரஷர் அளவும் குளிசையின் பெயரும்தான் இருக்கின்றன.